உழவு என்று பதிந்த நாள்

திருத்தணி
26.5.2024

அனுவுக்குப் பாவா எழுதுவது.

ஒரு வாரமாக நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். கோபத்தில் எடுக்காமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. குழாய்க் கம்பெனி ஆட்கள் வந்து போன பிறகு போனில் பேசவே பயமாக இருக்கிறது. எந்தப் பேச்சு எங்கே பதிவாகும் என்பது அதே கம்பெனியில் வேலை பார்க்கிற உனக்குத்தான் தெரியும். அதனால் இனி போன் வேண்டாம், எழுது. பத்தாவது முடித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா அம்சா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, நம் நிலத்தில் வேலை செய்கிற பச்சையப்பன் கரும்புக்குத் தண்ணீர் விடப் போனான். இரண்டு நாளாகவே நிலத்தில் ஒரு வாடை இருந்தது. பக்கத்து நிலத்தில் மருந்து அடித்திருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவன் மோட்டார் கொட்டகைக்குள் போய் சுவிட்சைப் போட்டதும் கொட்டகையே தீயாகிவிட்டது. பூமிக்கடியில் போகிற குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்து, கொட்டகைப் பள்ளத்தில் தேங்கி நின்றிருக்கிறது. பச்சையப்பனுக்கு இரண்டு கையும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டது. இங்கே முதல் உதவி செய்து சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி குப்பம்மாள் கூடவே இருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள்.

கம்பெனிக்காரர்கள் தோண்டி, ஓட்டை விழுந்த குழாய்த் துண்டை வெட்டி எடுத்துப் போனார்கள். அதன் மேல் இரும்புப் பல் பட்ட கீறல் இருக்கிறதாம். நேற்று இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கே வந்தார்கள். துரைக்கண்ணுவையும் கூட்டி வந்திருந்தார்கள். பதினோரு வருஷமாக நம் பக்கத்துக் குழாய்ப் பாதையில் தினமும் நடந்து காவல் பார்க்கிறவர், உனக்குத் தெரியும்.

"இந்த எடத்துல எப்பனா தோண்டினீங்களா?" என்று ஒரு அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

துரைக்கண்ணு என் பக்கம் திரும்பினார். "இன்னா கோதண்டம், மார்ச்சு மாசம் புது மண்ணு கெடந்துச்சே. நான் கேட்டதுக்கு எலி வளை இடிச்சேன்னு சொன்னியே."

"நான் அப்படி எதுவும் சொல்லல. நீங்க வேற யாரு நெலத்தையோ நெனச்சிகினு பேசறீங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. அம்சா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. சோறு போடுகிறாள், அவ்வளவுதான்.

மார்ச் ஆறாம் தேதி நீ போன் செய்தது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடு.

கோதண்டம்

—

புனே
30.5.2024

பாவாவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நான்கு முறை படித்தேன். துரைக்கண்ணு உங்கள் முகத்தைப் பார்த்தார் என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் அவர் என்னையும் பார்ப்பது போல இருக்கிறது.

என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லியாக வேண்டும். குழாயை ஒட்டி மண்ணுக்குள் மெல்லிய கண்ணாடி இழைக் கம்பி ஒன்று ஓடுகிறது. மேலே மண் அதிர்ந்தால் அதை அந்தக் கம்பி உணரும். அந்த அதிர்வு அதே நொடியில் இங்கே எங்கள் திரையில் கோடாக விழும். அழுத்தம், ஓட்டம், வெப்பம் எல்லாவற்றுக்கும் இப்படியே சென்சார் இருக்கிறது, ஆனால் உங்கள் நிலத்தில் நடந்தது போன்ற சொட்டுக் கசிவு அவற்றுக்கு எட்டாது. எண்ணூறு கிலோமீட்டர் குழாயை ஒரு அறையில் உட்கார்ந்து நாங்கள் ஆறு பேர் பார்க்கிறோம். உங்கள் கரும்பு நிலம் அதில் ஒரு எண். எனக்கு அந்த எண் மனப்பாடம். ஊர் நினைவு வரும்போது அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். காலையில் துரைக்கண்ணுவின் நடைகூடச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும்.

மார்ச் ஆறாம் தேதி மதியம் அங்கேதான் சிவப்பு எரிந்தது. ட்ராக்டர் உழுதால் கோடு நகர்ந்துகொண்டே போகும். ஜேசிபி தோண்டினால் ஒரே இடத்தில் விட்டு விட்டு இடிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் காவல் ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் மாடிப்படிக்கு ஓடி உங்களுக்குப் போன் செய்தேன்.

"பாவா, நம்ம நெலத்துல இன்னா நடக்குது?"

"ட்ராக்டரு ஓட்டிகினு இருக்கோம். ஏன் அனு?"

"ட்ராக்டருதானா?"

"ஆங். ட்ராக்டருதான்."

உங்கள் குரலுக்குப் பின்னால் அந்த இயந்திரம் பின்னோக்கி வரும்போது போடும் கூக்கூச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் உள்ளே போய் 'உழவு' என்று பதிந்து சிவப்பை அணைத்தேன். நீங்கள் சொன்ன பொய்யை நான் நம்பவில்லை. நம்பியதாக எழுதினேன்.

இப்போது விசாரணை எப்படிப் போகிறது தெரியுமா? குழாயில் தோண்டிய காயம் இருக்கிறது. ஆனால் கம்பி போட்ட ஒன்றரை வருடத்தில் அங்கே யாரும் தோண்டியதாகத் திரையில் இல்லை. அதனால் காயம் பழையது, கம்பி வருவதற்கு முன் ஏற்பட்டது, அப்போது கவனிக்கத் தவறியவர் துரைக்கண்ணு என்று முடிவு கட்டுகிறார்கள். நான் எழுதிய ஒரு சொல் அவர் மேல் போய் விழுந்திருக்கிறது.

இன்னொன்று. அதிர்வின் அசல் பதிவு தொண்ணூறு நாள்தான் இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும், நாங்கள் எழுதிய குறிப்பு மட்டும் மிஞ்சும். மார்ச் ஆறாம் தேதிப் பதிவு ஜூன் நான்காம் தேதி அழியும். அதற்குள் நீங்கள் போய் உண்மையைச் சொன்னால் அவர்கள் அதை எடுத்துப் பார்ப்பார்கள்.

நானே ஏன் சொல்லக் கூடாது என்று கேட்பீர்கள். நான் சொன்னால் உங்களைக் காட்டிக் கொடுத்ததாக ஆகும், அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. வேலை போகும் என்ற பயத்துக்கு அக்காவின் பெயரை வைத்திருக்கிறேன்.

அனுராதா

—

திருத்தணி
3.6.2024

அனுவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நாளை நான்காம் தேதி. இது உன் கைக்கு வருவதற்குள் அந்தப் பதிவு போயிருக்கும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ என்னைப் போய்ச் சொல்லச் சொல்கிறாய். சரி, நான் செய்தது என்ன? நம் போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது. குழாய்ப் பாதைக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் தண்ணீர் தருகிறேன் என்றார். குறுக்கே ஒரு பைப் போட வேண்டும். கம்பெனிக்கு மனு கொடுத்தால் ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். கரும்பு ஒரு மாதம் தாங்காது. பச்சையப்பனை உரம் வாங்க அனுப்பிவிட்டு நகரியிலிருந்து ஜேசிபியை வரவழைத்தேன். பக்கெட் எதிலோ உரசி டங்கென்று சத்தம் வந்தது. இறங்கிப் பார்த்தால் குழாய், மேலே கறுப்புப் பூச்சு உரிந்திருந்தது. பயந்து அப்படியே மூடச் சொல்லிவிட்டேன். பைப்பும் போடவில்லை; போர்வெல்லில் ஊறிய கொஞ்சத் தண்ணீரை வைத்தே பாதிக் கரும்பைக் காப்பாற்றினோம். இதுதான் நடந்தது. பெட்ரோல் திருடவில்லை. யாரையும் கொளுத்த நினைக்கவில்லை.

நீ அன்றைக்கு விதிப்படி மணியை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? துரைக்கண்ணு ஓடி வந்திருப்பார். கம்பெனி வந்து குழாயைச் சரி செய்திருக்கும். எனக்கு நான்கு வசவும் ஒரு அபராதமும். பச்சையப்பன் கை நன்றாக இருந்திருக்கும். நீ ஏன் எனக்குப் போன் செய்தாய்? யார் கேட்டார்கள் உன்னை? உறவுக்காகச் செய்தாயா, என்றைக்காவது சொல்லிக் காட்டுவதற்காகச் செய்தாயா?

உன் நைனா போய், அப்பா இல்லாத பெண்ணாக நீ நின்றபோது உன்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்து, தினமும் காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் கொண்டு விட்டவன் நான். இதையெல்லாம் எழுதக் கூடாதுதான். கை எழுதிவிட்டது.

கோதண்டம்

—

புனே
8.6.2024

பாவாவுக்கு,

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. மணியை அடித்திருக்க வேண்டும். ஏன் அடிக்கவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. உங்களிடம் போய்க் காவல் ஆள் குரலை உயர்த்துவார் என்பதே அந்த நிமிடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு சின்னக் காரணம்.

நான்காம் தேதி எனக்கு மதிய ஷிப்ட். அந்தப் பதிவைத் தனியாக எடுத்து வைக்க என் இடத்திலிருந்தே முடியும். ஒரு பட்டனை அழுத்தி, காரணம் என்ற கட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும். திறந்து வைத்தேன். காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். குடித்தேன். மறுபடி பார்த்தபோது மார்ச் ஆறு பட்டியலில் இல்லை. ஏழிலிருந்து ஆரம்பித்தது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் வீட்டுக்குப் போன பிறகு வந்தது.

அனுராதா

—

திருத்தணி
25.6.2024

அனுவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இரண்டு வாரம் இருந்துவிட்டேன். என் கடைசிக் கடிதத்தை நினைத்தால் பேனாவை எடுக்க முடியவில்லை. அதை மறந்துவிடு என்று சொல்ல எனக்கு வாயில்லை.

துரைக்கண்ணுவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போன வாரம் பச்சையப்பனைப் பார்க்கச் சென்னைக்குப் பஸ்ஸில் போனேன். கனகம்மாசத்திரத்தில் பஸ் நின்றபோது கீழே ஒருவர் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஜன்னல் ஜன்னலாக வந்தார். துரைக்கண்ணு. காக்கிச் சட்டையில் கம்பெனி பெயர் இருந்த இடத்தைப் பிரித்து எடுத்திருந்தார், நூல் தொங்கியது. நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது போல் சாய்ந்துவிட்டேன். எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா அவரிடம் பிஞ்சு வாங்கினாள். "தண்ணி தெளிச்சதுதான்மா, காலைல பறிச்சது" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. பஸ் பூந்தமல்லி தாண்டும் வரை துண்டை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பச்சையப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். குப்பம்மாள் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வாங்கிப் போன பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். வீட்டுக்கு வந்த அதே அதிகாரிதான். "சார், தோண்டினது நான். மார்ச்சு ஆறாம் தேதி. ஜேசிபி வெச்சித் தோண்டினேன்" என்றேன்.

அவர் உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க. மார்ச் ஆறு, உங்க நெலம். உழவுன்னு இருக்கு. இன்னாத்துக்கு வீணா வாயைக் கொடுத்து மாட்டிக்கறீங்க?"

"அது தப்பு சார்."

"மனுசன் தப்பா சொல்லுவான். இது சொல்லாது. துரைக்கண்ணு ஊருக்கெல்லாம் நல்லவரு, ஒத்துக்கறேன். அவருக்காக நீங்க பழி ஏத்துக்க வந்திருக்கீங்க. இன்னொரு பெரியவரும் போன வாரம் வந்து அவருக்காகப் பேசினாரு. ஜேசிபிக்காரன் யாரு, சொல்லுங்க."

பெயர் தெரியும், நம்பர் தெரியும். அங்கேயே கூப்பிட்டேன். போனை அணைத்து வைத்திருக்கிறான். விஷயம் அவன் காதுக்கும் போயிருக்கும்.

அதிகாரி எழுந்து வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். மரியாதையாக நடத்தினார் அனு. நல்ல மனசுக்காரன் என்று சொல்லித் தோளைத் தட்டினார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நீ போன் செய்ததை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். வீட்டுக்கு வந்து அம்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது ஒரே கேள்விதான். "உழவுன்னு யாரு எழுதினது?" நான் பேசாமல் இருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் உன் போட்டோ இருக்கும் பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

கோதண்டம்

—

புனே
5.7.2024

பாவாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஆபீசில் வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். எங்கள் திரையை அவர்களுக்கு விளக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். குழாயின் மேல் யார் கைவைத்தாலும் அதே நொடியில் தெரியும், ஆள் கண்ணை நம்பிய காலம் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். சொன்னேன். உதாரணத்துக்கு நம் பக்கத்து விபத்தையே மேலதிகாரி எடுத்துக்கொண்டார். "தவறு எங்கள் அமைப்பில் இல்லை என்று காட்டியதே இந்தப் பதிவுதான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

உங்கள் கடிதம் அப்போது என் பையில் இருந்தது. இரவெல்லாம் அந்த அதிகாரி உங்கள் தோளைத் தட்டியதுதான் கண்ணில் நின்றது. நீங்கள் உண்மையைச் சொல்லப் போனீர்கள், நான் எழுதிய பொய் உங்களுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. நீங்கள் எத்தனை முறை போனாலும் அது எழுந்து இடம் விடாது. நான்தான் எழுப்ப வேண்டும்.

நேற்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். பேசினால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று பயந்து எழுதிக் கொண்டுபோனேன். அது ஜேசிபி என்று அப்போதே தெரியும், தெரிந்தே உழவு என்று பதிந்தேன், விதியை மீறி நிலத்துக்காரருக்குப் போன் செய்தேன், அவர் என் அக்கா கணவர், ஜூன் நான்கில் பதிவு அழிவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன், துரைக்கண்ணுவுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தேன். போனில் இருந்த மார்ச் ஆறாம் தேதி அழைப்பையும் காட்டினேன்.

அவர் படித்துவிட்டு அதை மேஜையில் வைத்தார். பிறகு, "விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

உங்களிடம் கேட்காமல் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். என் பெயரை நீங்கள் எவ்வளவு காப்பாற்றினீர்களோ அதை வீணாக்கிவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மற்றதற்கெல்லாம் கேட்கிறேன்.

என் அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இந்த மாதக் கடைசி வரை விசாரணைக்காகப் புனேயிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதிதான் ஊருக்குப் புறப்படலாம். அக்காவிடம் நானே சொல்லலாமா என்று தெரியவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள்.

அனுராதா

—

திருத்தணி
27.7.2024

அனுவுக்கு,

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஊருக்குள் பஸ் வரவில்லை. தபாலாபீசுக்கு நடந்தே வந்து, இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்துக்குப் பிறகு பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். இந்த முறை தோளைத் தட்டவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தேன். வழக்கு போட்டிருக்கிறார்கள், ஜாமீனில் இருக்கிறேன். என்ன ஆகும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. நகரி ஜேசிபிக்காரனும் வந்து ஒப்புக்கொண்டான். உன்னை விட்டுவிடச் சொல்லி அதிகாரியிடம் கெஞ்சினேன். அது அவர் கையில் இல்லையாம்.

துரைக்கண்ணுவைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கம்பெனி கடிதம் அனுப்பியது. அதைக் கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன். எட்டிப் பார்த்தார், உள்ளே கூப்பிடவில்லை.

"எதுக்கு வந்தே?" என்றார்.

"உங்ககிட்ட சொல்லணும்னு."

"எங்கிட்ட இன்னா சொல்றது? அன்னைக்கி அவங்க எதிர்ல சொல்லியிருந்தா அது சொன்னது. இது செய்தி. செய்தி எனக்கு வந்துடுச்சி." கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே போய்விட்டார். வேலைக்கு அவர் திரும்பப் போகவில்லை. கம்பெனி கடிதத்துக்குப் பதிலும் போடவில்லை என்று அவர் மருமகள் சொன்னாள்.

பச்சையப்பன் ஊருக்கு வந்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அவனிடம் போய்ச் சொல்வதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. நேற்றுப் போனேன். அம்சாவும் வருகிறேன் என்று கூட வந்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். குப்பம்மாள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து, ஜேசிபி வந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவன் கேட்டுவிட்டு, "தெரியும்ணா" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும். உரம் வாங்கிகினு வரச்சே வண்டித் தடம் பாத்தேன். மண்ணு புதுசா இருந்துச்சி. மறுநாளு காஞ்ச கரும்புச் சோகையை அள்ளியாந்து மேல பரப்புனவனே நான்தான். துரைக்கண்ணு பாத்தா உங்களைக் கேப்பாருன்னுதான். அதுக்குள்ள அவரு ஒரு தடவை பாத்துட்டாரு."

"அப்போ கம்பெனிக்காரங்க ஆஸ்பத்திரில உன்ன வந்து கேட்டாங்களே, ஏண்டா சொல்லல?"

"நான் எப்படிண்ணா சொல்றது? உங்க நெலம், உங்க வேலை. நீங்க சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

குப்பம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "தெனமும் பாப்பாரு. யாருனா வந்தா, கோதண்டண்ணா வந்து சொல்லிட்டாரான்னு கேப்பாரு. நீங்க பழத்தை வெச்சிட்டுப் போனீங்களே, அன்னைக்கி இவரு தூங்கல. கண்ணை மூடிகினு படுத்திருந்தாரு. நீங்க சொல்றதுக்குச் சங்கடப்படக் கூடாதுன்னு."

அனு, என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அம்சாதான் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மருந்து எப்படிப் போட வேண்டும் என்று குப்பம்மாளிடம் கேட்டாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில், "அனுவ வரச் சொல்லு. அவளும் அங்க வந்து உக்காரணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் கோபமா ஆறுதலா என்று நான் கேட்கவில்லை.

முதல் தேதி நீ புறப்படலாம் என்று எழுதியிருந்தாய். அரக்கோணத்தில் இறங்கு. நான் வந்து நிற்கிறேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும், உனக்கும் அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் வா. வீட்டுக்குப் போக வேண்டாம், நேராகப் பச்சையப்பன் வீட்டுக்குப் போவோம்.

கோதண்டம்